நாலாம் நம்பர் மெஷினின் மரத்துண்டு

மேனேஜர் மேசைமேல் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதன் நடுவில் அந்த மரத்துண்டை வைத்திருந்தார். சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். எண்ணெய் குடித்துக் கறுத்துப்போன மரம். ஒரு முகத்தில் பட்டாணி உட்காருகிற மாதிரி வட்டமான குழி. இரண்டு பக்கமும் ஒரே அளவில் உள்நோக்கிய சரிவு. கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தது.

"தொட வேணாம். பாத்தா போதும்," என்றார் மேனேஜர். "இது என்னன்னு தெரியுதா?"

ஃபிட்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"நாலாம் நம்பர் மெஷின் கதவு சுவிட்ச்ல இருந்ததுங்களா சார்?"

"எங்கிட்டயே கேக்கறீங்களா?"

டப்பாவுக்கு மூடி அடிக்கிற கம்பெனி அது. வரிசையாக ஏழு பிரஸ் மெஷின்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு வலைக்கதவு உண்டு. கதவை மூடினால், அதன் ஓரத்தில் இருக்கும் இரும்பு நாக்கு சுவிட்சின் குமிழை அழுத்தும். குமிழ் அழுந்தினால்தான் மெஷின் ஓடும். கதவைத் திறந்தால் குமிழ் வெளியே வந்து மெஷின் நின்றுவிடும். உள்ளே கை போகும்போது மெஷின் இறங்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. நான்கு நாளைக்கு முன்னால், நாலாம் நம்பரில் கதவைத் திறந்தும் குமிழ் வெளியே வரவில்லை. இந்த மரத்துண்டு அதைப் பிடித்து வைத்திருந்தது. சிக்கிக்கொண்ட தகட்டை எடுக்கக் கையை விட்டவளுக்கு வலது கையில் இரண்டு விரல்கள் பாதியோடு போயின.

அவள் ஃபிட்டரின் மனைவிக்குத் தங்கை. வீட்டில் எல்லோருக்கும் சின்னவள். அவளை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே ஃபிட்டர்தான்.

"குழி அந்தக் குமிழுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு," என்றார் மேனேஜர். "சரிவு சுவிட்சைத் தாங்கற அந்த பிராக்கெட்டுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு. நானே மாட்டிப் பாத்தேன். நடுவுல தலைமுடி நுழையாது. இது தானா வந்து உக்காந்துச்சா? கதவைத் தொறந்துபோட்டு வேகமா அடிக்கறதுக்காக எவனோ ஒருத்தன் நிதானமா உக்காந்து செஞ்சிருக்கான். இவ்வளவு சுத்தமா வேலை செய்யற கை இந்த கம்பெனில எத்தனை இருக்கு? நீங்களே சொல்லுங்க."

"நான் செய்யல சார்."

"அப்ப செஞ்சது யாருன்னு சொல்லுங்க. வெள்ளிக்கிழமை விசாரணை. ஹெட் ஆபீஸ்லேருந்து பாதுகாப்பு அதிகாரி வந்திருக்காங்க. நீங்கதான்னு முடிவாச்சுன்னா வேலை போறது மட்டும் இல்ல, போலீஸ்ல எழுதிக் குடுக்கவும் வேண்டியிருக்கும்."

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. ஃபிட்டர் வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவினார். மேனேஜர் சொன்னதில் எங்கே பிசகு என்று யோசித்துப் பார்த்தார். ஒரு பிசகும் இல்லை. அவருக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்தத் துண்டை யாரோ செய்திருக்கிறார்கள்.

பட்டறையில் அவருக்கு நூலு என்று பெயர். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். எதைக் காட்டினாலும் "ஒரு நூல் தள்ளியிருக்கே" என்பார். காலையில் சாமி கும்பிடாமல் வீட்டை விட்டு இறங்க மாட்டார். சாப்பாட்டு நேரத்தில் அவரும், இரும்பு கடைகிற லேத் மெஷினை ஓட்டும் லேத்துக்காரரும் எதிரெதிரே உட்கார்ந்து பதினொரு வருஷமாக ஒரே சண்டையைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். லேத்துக்காரருக்குக் கடவுள் கிடையாது.

"ஒரு போல்ட்டும் நட்டும் கீழ கெடக்கு," என்பார் ஃபிட்டர். "எடுத்து மாட்டறே. மரை மரைக்குச் சேந்து உக்காருது. என்ன அர்த்தம்? ரெண்டையும் ஒருத்தன் அளவு பாத்து வெட்டியிருக்கான். கண்ணு மட்டும் தானா வந்துச்சா? வெளிச்சம் ஜாஸ்தியானா சுருங்குது, கொறஞ்சா விரியுது. எந்த லேத்துல வெட்டுவே அதை?"

"அப்ப என் முதுகுவலியையும் அளவெடுத்துதான் குடுத்தாரா உன் ஆளு? குடல்வால்னு ஒண்ணு வெச்சாரே, அது எந்த மெஷினோட உதிரி? எனக்கு கழட்டியாச்சு, வண்டி நல்லாத்தான் ஓடுது."

பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். மணி அடித்தால் இரண்டு பேரும் ஒரே குழாயில் தட்டைக் கழுவிவிட்டு வேலைக்குப் போவார்கள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஃபிட்டர் சாப்பிடவில்லை. செய்தவன் யாராக இருக்கும் என்று ஒவ்வொரு கையாக நினைத்துப் பார்த்தார். வெல்டிங்காரன் முரட்டு வேலைக்காரன், அவனுக்குப் பொறுமை கிடையாது. டூல் ரூம்காரருக்குக் கண் சரியில்லை. மிச்சம் இருப்பது ஒரே கைதான். நேராக லேத்துக்குப் போனார்.

"நீ செஞ்சியா?"

லேத்துக்காரர் மெஷினை நிறுத்தினார். சுற்றிக்கொண்டிருந்த இரும்பு நின்றதும் திரும்பினார்.

"யோவ் நூலு, பதினோரு வருஷம் எதிர்ல உக்காந்து தின்னுட்டு, என்னைப் பாத்தாடா கேக்கறே?"

"உன்னை விட்டா அவ்வளவு சுத்தமா யாருய்யா செய்வா?"

"இதைப் பெருமையா எடுத்துக்கணுமா, செருப்பைக் கழட்டணுமா?" என்றார் லேத்துக்காரர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சரி, செஞ்ச பொருள்னா செஞ்ச அடையாளம் இருக்குமே. அரம் போட்டிருக்கா, கத்தியா, உப்புத்தாளா? என்ன பாத்தே?"

"தொட விடல."

"தொடாம என்னத்த பாத்தே? தூரத்துலேருந்து கும்புட்டுட்டு வந்தியாக்கும்."

ஃபிட்டருக்கு அது சுருக்கென்றது. கோபத்தில் திரும்பி நடந்தார். ஆனால் கேள்வி அவரோடு கூடவே வந்தது.

வீட்டில் இரண்டு அறைகள். உள்ளறைக் கட்டிலில் சின்னவள் தலையணைமேல் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக அவரோடு பேசவில்லை. கம்பெனியில் என்ன பேசுகிறார்கள் என்பது அவள் காதுக்கும் வந்துவிட்டது. மனைவி தட்டை வைத்துவிட்டு எதிரே நின்றாள்.

"ஏங்க, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க இல்லல்ல?"

"நீயுமாடி?"

"அவ மூஞ்சியப் பாத்து நான் பதில் சொல்லணும். அதான் கேக்கறேன்."

"நான் இல்ல."

மனைவி தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

புதன்கிழமை காலையில் ஃபிட்டர் பாதுகாப்பு அதிகாரியிடம் போனார். சின்ன வயசுப் பெண். சட்டைப்பையில் நாலு பேனா. மேனேஜர் மாதிரி சத்தம் போடவில்லை. மரத்துண்டைப் பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும் என்று கேட்டதும் கையுறையைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

ஃபிட்டர் வெகுநேரம் பார்த்தார். அரம் போட்டால் ஒரே திசையில் கோடு விழும். கத்தியால் செதுக்கினால் பட்டை பட்டையாக இருக்கும். உப்புத்தாள் கீறல் போடும். அங்கே அது ஒன்றுமே இல்லை. குழிக்குள் மரத்தின் நார் அறுபடவே இல்லை. ஆள் நடந்து நடந்து மிதிபட்ட புல் மாதிரி மடிந்து படுத்திருந்தது. சரிவுகளில் பொடி இரும்பு ஏறி மினுங்கியது.

"இது வெட்டின மரம் இல்லம்மா," என்றார். "அடிபட்ட மரம். தேஞ்சிருக்கு."

"தேஞ்சு தேஞ்சே இவ்வளவு சரியா வருமா?"

பதினொரு வருஷமாக லேத்துக்காரரிடம் அவர் கேட்ட கேள்வி அது. பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"நீங்க சொல்றதை வெச்சு நான் எழுத முடியாதுங்க," என்றாள் அதிகாரி. "உங்க மேலதான் குத்தச்சாட்டு இருக்கு. காட்டுங்க. காட்டினா எழுதறேன்."

சாயங்காலம் ஷிப்ட் மாறுகிற கால் மணி நேரம் மெஷின்கள் எல்லாம் நிற்கும். ஃபிட்டர் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒன்றாம் நம்பரின் கதவோரத்தில் உட்கார்ந்தார். நாக்குக்கும் குமிழுக்கும் நடுவே ஒரு மரத்துண்டு இருந்தது.

அந்தப் பட்டறையில் அதற்குப் பேக்கிங் என்று பெயர். எது ஆடினாலும், எது எட்டாவிட்டாலும், கீழே கிடக்கும் மரப்பெட்டியிலிருந்து ஒரு சில்லை உடைத்துச் சொருகிவிடுவார்கள். கதவின் நாக்கு தேய்ந்தால் குமிழை எட்டாது. எட்டாவிட்டால் மெஷின் நடுநடுவே நின்று உயிரை வாங்கும். சில்லைச் சொருகினால் நிற்காது. கதவைத் திறந்ததும் சில்லு பின்னால் சாயும், குமிழ் வெளியே வரும், மெஷின் நிற்கும். ஆகவே யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை.

அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். இரண்டாம் நம்பரில் இருந்தது போன மாதம் சொருகியது. நாலு மூலையும் கூராக, ரம்பத்தின் பல் தடம்கூட அழியாமல் இருந்தது. ஐந்தாம் நம்பர் துண்டுக்கு மூலை மழுங்கியிருந்தது. ஒன்றாம் நம்பரில் நகத்தால் அழுத்தின மாதிரி ஒரு சின்னப் பள்ளம். ஆறாம் நம்பரில் மரம் இல்லை, மடித்த ரப்பர். ஏழாம் நம்பர் புதிய மெஷின். நாக்கு தேயவில்லை, அதனால் அதில் ஒன்றுமே இல்லை.

மூன்றாம் நம்பரில்தான் அவர் கை நின்றது. குழி முக்கால்வாசி விழுந்திருந்தது. இரண்டு பக்கமும் சரிவு ஏறியிருந்தது. கதவை மூடித் திறந்தார். துண்டு உடனே சாயவில்லை. குமிழைக் கவ்விக்கொண்டு ஒரு நொடி நின்று, அப்புறம்தான் சாய்ந்தது. மறுபடி மூடித் திறந்தார். மறுபடியும் ஒரு நொடி நின்றது.

அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு நாளைக்குப் பத்தாயிரம் தடவை மெஷின் இறங்குகிறது. ஒவ்வொரு தடவையும் அந்த அதிர்வில் குமிழ் மரத்தை இடிக்கிறது, பிராக்கெட் பக்கத்தை உரசுகிறது. பொருந்தாத இடமெல்லாம் தேய்ந்து போகிறது. தேயாமல் மிஞ்சுவது பொருந்துகிற இடம் மட்டும்தான். கடைசியில் பார்க்கிறவனுக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கும். அப்படிப் பொருந்தின பிறகு அது எதற்குச் சாயப்போகிறது?

மூன்றாம் நம்பரின் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட்டு, சிவப்பு அட்டையை மாட்டினார். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரும் செய்யவில்லை என்பது தெரிந்துவிட்டது. ஆனால் இந்தத் துண்டுகளை அவர் இன்றைக்குப் புதிதாகப் பார்க்கவில்லை. மாதம் ஒருமுறை ஏழு கதவுகளையும் சோதித்துப் படிவத்தில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. மாதாமாதம் பார்த்திருக்கிறார். திறந்தால் நிற்கிறதா? நிற்கிறது. சரி. நாலு வருஷத்துக்கு முன்னால் புது நாக்கு வேண்டும் என்று இரண்டு தடவை எழுதிக் கொடுத்தார். வரவில்லை. மூன்றாவது தடவை எழுதவில்லை.

லேத்துக்காரர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். கதவுகளைப் பார்த்தார், கீழே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார்.

"செஞ்சது யாரு?"

"யாரும் செய்யல. தேஞ்சிருக்கு."

"இன்னொரு தடவை சொல்லு."

"கொண்டாட்டமா இருக்கு இல்ல உனக்கு?"

"போய்யா. பொண்ணு வெரல் போயிருக்கு, இதுல என்ன கொண்டாட்டம்." லேத்துக்காரர் பக்கத்தில் குந்தினார். "ஆனா ஒண்ணு யோசிச்சியா? இதைக் காட்டினா நீ செய்யலன்னு ஆயிடும். மாசாமாசம் பாத்தது நீதான்னும் ஆயிடும். பேசாம மூணாம் நம்பரை மட்டும் காட்டு. இன்னிக்குத்தான் கண்ணுல பட்டுச்சுன்னு சொல்லு. எவன் கேக்கப்போறான்?"

அப்படிச் சொல்லிவிடலாம் என்றுதான் ஃபிட்டரும் முதலில் நினைத்தார்.

"ஒண்ணை மட்டும் காட்டினா ரெண்டையும் நான்தான் செஞ்சேன்னுவாரு. படிப்படியா எல்லாத்தையும் வெச்சாத்தான் நிக்கும்."

"அதுக்காகவா?"

"அதுக்காகவும்தான்," என்றார் ஃபிட்டர். "இன்னொண்ணு, மத்த மெஷின்லயும் பொண்ணுங்க கைய விட்டுட்டுத்தானே இருக்காங்க."

வியாழக்கிழமை காலையில் அதிகாரியையே கூட்டிப்போய் அவள் கண் முன்னாலேயே துண்டுகளை எடுத்தார். அன்றைக்கு மூடி அடிக்கிற வேலை முழுக்க நின்றது. மேனேஜர் அவர் பக்கமே திரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை விசாரணைக்கு நீளமான மேசை. அதிகாரி துண்டுகளை வரிசையாக வைத்தாள். கூரான மூலை, மழுங்கின மூலை, சின்னப் பள்ளம், முக்கால் குழி. கடைசியில் நாலாம் நம்பருடையது. அதை மட்டும் பார்த்தால் செய்த பொருள். வரிசையோடு பார்த்தால் இன்னொரு சில்லு, அவ்வளவுதான்.

மேனேஜர் விடவில்லை. "இந்த அஞ்சையுமே நீங்க செஞ்சு சொருகியிருக்கலாமே?"

"செய்யறவன் முழுசாத்தானே சார் செய்வான்? பாதிக் குழி போட்டு எவன் செய்வான்? ஒரு துண்டுலயும் அரம் பட்ட கோடு இல்ல. பூதக்கண்ணாடில நீங்களே பாருங்க."

"அப்ப பாதிக் குழியால யாருக்கு என்ன பிரயோஜனம்? அது எதுக்கு அங்க இருந்துச்சு?"

"குழியே இல்லாதப்பவும் அது ஒரு வேலை பாத்துச்சு சார். நாக்கு எட்டாத எடத்தை அடைச்சுது. அதுக்குத்தான் சொருகினாங்க. இப்படி ஆகணும்னு யாரும் நெனைக்கல. ஆயிடுச்சு."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "செஞ்சவன்னு யாருமே இல்லைங்கறீங்க. அப்ப நான் யார் மேலய்யா எழுதறது?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் நிஜமாகவே கேட்டார்.

அதிகாரி படிவங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "இந்தத் துண்டுங்களை முதல்ல எப்ப பாத்தீங்க?"

இந்தக் கேள்வி வரும் என்று ஃபிட்டருக்குத் தெரியும்.

"மாசாமாசம் பாத்தேம்மா."

"பாத்துட்டு சரின்னு எழுதியிருக்கீங்க."

"தொறந்தா மெஷின் நின்னுச்சு. அதனால எழுதினேன். மூணாம் நம்பர்ல நேத்து பாத்தீங்களே, ஒரு நொடி பிடிக்குதுன்னு. போன மாசம் நாலாம் நம்பர்லயும் அப்படிப் பிடிச்சிருக்கும். நான் நின்னு பாக்கல. தொறந்தேன், நின்னுச்சு, அடுத்த மெஷினுக்குப் போயிட்டேன்." மேனேஜர் பக்கம் திரும்பினார். "யார் மேல எழுதறதுன்னு கேட்டீங்களே சார். சில்லு சொருகினது எல்லாரும். நாக்கு மாத்தாதது கம்பெனி. பாத்துட்டு விட்டது நான். மூணையும் எழுதுங்க."

மேனேஜர் மூன்றில் கடைசி ஒன்றைத்தான் எழுதச் சொன்னார். அதிகாரி மூன்றையும் எழுதினாள். மரத்துண்டைச் செய்தார் என்ற குற்றச்சாட்டு விலக்கப்பட்டது. படிவத்தில் பொறுப்பில்லாமல் கையெழுத்துப் போட்டதற்கு ஃபிட்டருக்கு இரண்டு மாதம் பணியிடை நீக்கம். திரும்பி வந்தாலும் பாதுகாப்புச் சோதனையில் அவர் கையெழுத்துப் போடக் கூடாது. நாலு வருஷமாக வராத புது நாக்குகள் சனிக்கிழமை மத்தியானத்துக்குள் வந்து சேர்ந்தன.

வெள்ளிக்கிழமை விசாரணை முடிந்து ஃபிட்டர் வீட்டுக்கு வந்தபோது சின்னவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் செய்யலன்னு ஆயிடுச்சு."

ஒரு வாரத்தில் முதல் தடவையாக அவள் அவரைப் பார்த்துப் பேசினாள். "அப்ப யாரு மாமா?"

"யாரும் இல்ல. மரம் அடிபட்டுத் தேஞ்சு தானா அப்படி ஆயிருக்கு."

"தானாவா? நீங்களா சொல்றீங்க?" கட்டுப்போட்ட கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டாள். "நாலு நாளா மனசுக்குள்ள ஒருத்தனைத் திட்டிட்டு இருந்தேன் மாமா. முகம் தெரியல, சில நேரம் உங்க முகமா இருந்துச்சு. ஆளே இல்லன்னா நான் யாரைத் திட்டறது?"

"என்னைத் திட்டலாம்," என்றார் அவர். "அது அங்க இருந்தது எனக்குத் தெரியும். மாசாமாசம் பாத்தேன்."

அவர் பேச்சை அவள் மனதுக்குள் இன்னொரு தடவை ஓட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"நான் வேலைக்குச் சேந்து பதினாலு மாசம் ஆச்சு. பதினாலு தடவையும் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எனக்கு வணக்கம்கூட சொல்லுவீங்களே. வெளக்கு அடிச்சுப் பாத்துட்டு, 'வரட்டுமாடா'ன்னு அடுத்த மெஷினுக்குப் போவீங்களே."

"ஆமா."

"என்ன நெனச்சீங்க அப்ப?"

"ஓடுது, ஓடட்டும்னு நெனச்சேன்."

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு, சத்தம் போடாமல், "நீங்க கும்பிடறீங்களே, அவரும் பாத்துட்டுத்தானே இருந்திருப்பாரு மாமா?" என்றாள்.

"நான் பாத்ததுக்குத்தான் நான் பதில் சொல்ல முடியும்."

"அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"போய்ச் சொல்லுங்க. எனக்குக் கேக்கற மாதிரி சொல்லுங்க. உங்களுக்குப் பதிலா நான் சொல்லி நீங்க தப்பிச்சதா இருக்க வேணாம், மறைச்சுத் தப்பிச்சதாவும் இருக்க வேணாம்."

அவர் எழுந்தார். அடுப்படியில் மனைவி குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தத்தில் உள்ளறைப் பேச்சு எதுவும் அவள் காதில் விழுந்திருக்காது. ஃபிட்டர் கையை நீட்டிக் குழாயை மூடினார். மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"என்னங்க, என்னாச்சு?"

"நான் செய்யல," என்று ஆரம்பித்தார். அது போதாது என்று தோன்றியது. குரலை உயர்த்தி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.